புற்று என்னும் வயிறு

தை, மாசியில் அறுவடை முடிந்து பங்குனி வெயில் ஏறும்போது, மதுரைச் சமவெளியின் எழுமலையைச் சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளில் மிஞ்சிக் கிடப்பவை சோளத்தட்டையின் அடிக்கட்டைகளும் பருத்திமாரும் உதிர்ந்த சருகும்தான். மேற்கே மலைத்தொடர் நின்றாலும் சமவெளிக்கு வரும் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே பெய்து முடிந்துவிடுகிறது. நடுவில் ஒன்றிரண்டு கோடை மழை விழுந்தால் உண்டு. மற்றபடி மேல்மண் மாதக்கணக்கில் ஈரமின்றிக் கிடக்கும். மண்ணிலுள்ள பாக்டீரியாவும் பூஞ்சையும் ஈரம் இல்லாமல் வேலை செய்யா. கணக்குப்படி பார்த்தால் அந்தக் கட்டைகளும் சருகும் அடுத்த மழைவரை அப்படியே கிடக்க வேண்டும்.

ஆனால் கிடப்பதில்லை. ஆடியில் உழவுக்கு முன் ஒரு கட்டையைக் காலால் புரட்டினால் அது எடையில்லாமல் உருளும். மேலே மெல்லிய மண்பூச்சு. உள்ளே வெறும் கூடு. கரையான் தின்றுவிட்டது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். தின்றது கரையான்தான், அதில் ஐயமில்லை. அதைச் செரித்தது யார் என்பது வேறு கேள்வி. சுமார் 250 ஆண்டுகளாக அறிவியலாளர்கள் அந்தக் கேள்வியைத் துரத்தி வந்திருக்கிறார்கள். அதன் முதல் ஏடுகளில் ஒன்று எழுதப்பட்டதும் தமிழ்நாட்டு மண்ணில்தான்.

சர்க்கரைக் குவியலில் பட்டினி

சோற்றில் உள்ள மாவுச்சத்தும் சோளத்தட்டையில் உள்ள செல்லுலோசும் ஒரே சரக்கால் ஆனவை. இரண்டும் குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிகள். வேறுபாடு கோத்த விதத்தில் இருக்கிறது. மாவுச்சத்தில் உள்ள பிணைப்பை நம் எச்சிலில் இருக்கும் நொதியே வெட்டிவிடும். செல்லுலோசில் ஒவ்வொரு குளுக்கோசும் முந்தையதற்குத் தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. அதனால் சங்கிலி நேராக நீள்கிறது. பக்கத்துச் சங்கிலிகள் நெருங்கி ஒட்டி இழையாகின்றன. அந்த இழைகளின் இடுக்கை ஹெமிசெல்லுலோஸ் நிரப்புகிறது. இவற்றைச் சுற்றி லிக்னின் என்ற கடினப் பொருள் இறுகிக்கொள்கிறது. பருத்திமாரை விறகாக்குவது இந்த லிக்னின்தான். நொதி எதுவும் உள்ளே நுழைய வேண்டுமென்றால் முதலில் அதைக் குலைத்தாக வேண்டும்.

இது முதல் சிக்கல். இரண்டாவது சிக்கல் நைட்ரஜன். காய்ந்த தட்டையில் நைட்ரஜன் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. பூச்சியின் உடலிலோ, நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால், ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நைட்ரஜன். தட்டையை மட்டும் தின்று வளரும் பூச்சி வேண்டாத கார்பனைக் குவியல் குவியலாகக் கழித்து, வேண்டிய நைட்ரஜனைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும்.

பயிரைத் தின்னும் பூச்சிகளில் பல இந்தச் சிக்கல்களை நுண்ணுயிர்களின் தோளில் ஏற்றியிருக்கின்றன. பருத்திக் கொழுந்தில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் அசுவினிக்கு நாரை உடைக்கும் வேலை இல்லை; சாற்றில் சர்க்கரை கரைந்தே கிடைக்கிறது. புரதம் கட்டத் தேவையான அமினோ அமிலங்கள்தான் அதில் போதாது. புக்னெரா என்ற பாக்டீரியா அசுவினியின் உடற்செல்களுக்குள்ளேயே குடியிருந்து அவற்றைச் செய்து கொடுக்கிறது. தாய் வழியாகக் குஞ்சுக்குப் போகும் இந்தப் பாக்டீரியா வெளியே தனித்து வாழும் திறனையே இழந்துவிட்டது. கரையானுக்கு இரண்டு சிக்கலும் சேர்ந்தே இருக்கின்றன. அதனால் அதன் கூட்டணியும் பெரியது.

குடலுக்குள் ஒரு கூட்டம்

கரையானை வெள்ளை எறும்பு என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு எறும்போடு நெருங்கிய உறவு இல்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்த மரபணு ஆய்வுகள் கரையான்களைக் கரப்பான்களின் ஒரு கிளையாகவே உறுதிப்படுத்தின. மரத்துக்குள் வாழ்ந்து மரத்தையே தின்னும் ஒருவகைக் கரப்பான்தான் அவற்றுக்கு நெருங்கிய சொந்தம். அந்தக் கரப்பானின் குடலிலும் பழைய வகைக் கரையான்களின் குடலிலும் ஒரே குலத்தைச் சேர்ந்த ஒற்றைச்செல் உயிரிகள் நிறைந்திருக்கின்றன.

அந்த உயிரிகள் அங்கே என்ன செய்கின்றன என்பதை அமெரிக்க ஆய்வாளர் எல். ஆர். கிளீவ்லாந்து 1920களில் காட்டினார். கரையான்களை மிகு அழுத்த ஆக்சிஜனில் வைத்தார். ஆக்சிஜன் இல்லாத குடலிலேயே வாழ்ந்து பழகிய ஒற்றைச்செல் உயிரிகள் செத்தன, கரையான்கள் பிழைத்தன. பிழைத்தவை வழக்கம்போல மரத்தைத் தின்றன. ஆனாலும் சில வாரங்களுக்குள் பட்டினியால் மடிந்தன. உயிரிகளை மீண்டும் குடலில் ஏற்றியபோது கரையான்கள் தேறின. மரத்துணுக்குகளை அப்படியே விழுங்கி, உள்ளே வைத்துக் கரைத்து, அசிட்டேட் என்ற எளிய அமிலமாக வெளிவிடுவது அந்த உயிரிகளின் வேலை. கரையான் வாழ்வது அந்த அசிட்டேட்டை உறிஞ்சித்தான். மாடு வைக்கோலில் வாழும் முறையும் இதுவே: அசையிரைப்பையில் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துத் தரும் அமிலங்களே அதன் எரிபொருள்.

இங்கே ஓர் இடைஞ்சல் உண்டு. கரையான் தோலுரிக்கும்போது பின்குடலின் உள்தோலும் சேர்ந்தே உரிந்துபோகிறது. குடியிருந்த உயிரிகளும் போய்விடுகின்றன. கூட்டத்தில் இன்னொரு கரையானின் பின்புறத்திலிருந்து வரும் நீரை அருந்தித்தான் அது மறுபடியும் அவற்றைப் பெற முடியும். தனியாக வாழும் கரையான் ஒருமுறை தோலுரித்தால் பட்டினிதான். கரையான்கள் கூட்டமாக வாழத் தொடங்கியதற்கே இந்தத் தேவை ஒரு காரணம் என்று கிளீவ்லாந்து கருதினார்.

கரையானுக்குச் சொந்தமாகச் செல்லுலோஸ் வெட்டும் நொதி கிடையாது என்று பல பத்தாண்டுகள் பாடநூல்கள் எழுதின. 1998இல் ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோஃபூமி வத்தனாபேயின் குழு கரையானின் சொந்த மரபணுத் தொகுதியிலேயே அத்தகைய நொதிக்கான மரபணுவைக் கண்டது. ஆக, வெட்டும் கத்தி ஒன்று கரையானிடமும் இருக்கிறது. தட்டை முழுவதையும் கரைத்துத் தீர்க்க அது ஒன்று மட்டும் போதாது.

குடலில் இல்லாதது எங்கே போயிற்று?

எழுமலைக் காட்டில் நாம் பார்க்கும் கரையானின் குடலைத் திறந்தால் மேலே சொன்ன ஒற்றைச்செல் உயிரிகளின் பட்டாளம் அங்கே இருக்காது. தென்னிந்தியச் சமவெளியில் மேடு கட்டும் கரையான்களில் முதன்மையானது ஓடோன்டோடெர்மெஸ் ஒபெசுஸ். பக்கவாட்டில் மடிப்பு மடிப்பாகச் சுவர் இறங்கி, ஆள் உயரம்வரை எழும் செம்மண் புற்றுகள் இதன் கைவேலை. இதுவும் இதன் உறவினங்களும் பழைய ஒற்றைச்செல் உயிரிகளை எப்போதோ கைவிட்டுவிட்டன. குடலில் பாக்டீரியாக்கள் மட்டும் உண்டு. கடினமான வேலையைச் செய்யும் உறுப்பை இவை உடலுக்கு வெளியே வைத்திருக்கின்றன.

ஒரு புற்றைக் கவனமாகத் திறந்தால், மேட்டின் அடியிலும் தரைக்குக் கீழேயும் வழவழப்பான சுவர்கொண்ட அறைகள் தென்படும். ஒவ்வோர் அறையிலும் சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், மடிப்புகளும் துளைகளுமாக ஓர் உருண்டை இருக்கும். கையில் எடுத்தால் ஈரமாக இருக்கும், அழுத்தினால் உதிரும். அது மண் அல்ல. கரையான் மென்று விழுங்கி, அரைகுறையாகக் கழித்த தாவரத் துகள்களால் கட்டியது. அதன் மேற்பரப்பில் கசகசா அளவில் வெள்ளை வெளேரென்று மணிகள் ஒட்டியிருக்கும். அந்த உருண்டைதான் பூஞ்சைத் தோட்டம். வெள்ளை மணிகள் டெர்மிடோமைசெஸ் என்ற பூஞ்சையின் வித்துக் கொத்துகள்.

இதை முதன்முதலில் அறிவியல் முறையில் எழுதியவர்களில் ஒருவர் தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக். தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் இருசொற் பெயரிட்ட லின்னேயசின் மாணவர். 1768இல் டேனியக் குடியேற்றத்துக்கு வந்தவர். பின்னர் ஆர்க்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராக வேலை பார்த்தவர். தஞ்சைப் பகுதிக் கரையான்களைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1779இல் பெர்லினில் ஜெர்மன் மொழியில் வெளியானது. காற்றடிக்கும் பக்கத்தில் ஒரு துளையும் எதிர்ப்பக்கத்தில் ஒரு துளையும் இட்டு, புகைபோட்டு, ஈசலைப் பானைக்குள் விரட்டிப் பிடிக்கும் ஊர்முறையையும் அவர் பதிந்திருக்கிறார். ஆப்பிரிக்கக் கரையான்களைப் பற்றி ஹென்றி ஸ்மீத்மன் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1781இல்தான் வந்தது.

அதன் பிறகு ஆராய்ச்சி பாக் நீரிணையைக் கடந்தது. இலங்கை பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் பூஞ்சையியலாளர் டாம் பெட்ச், கரையான் புற்றுக்குள் வளரும் பூஞ்சைகளைப் பற்றி 1906இல் விரிவாக எழுதினார். 1942இல் பிரெஞ்சு ஆய்வாளர் ரோஜே எய்ம் இந்தப் பூஞ்சைகளுக்கு டெர்மிடோமைசெஸ் என்ற பேரினப் பெயரை வைத்தார். 1979இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் தென்னிந்தியாவில் கிடைத்த ஓர் இனத்தைப் புதியதென்று விவரித்து, எய்மின் பெயரால் டெர்மிடோமைசெஸ் எய்மீ என்று பெயரிட்டார். மழைக்காலத்தில் புற்றடியில் வெள்ளைக் குடையாக எழும் காளான்களில் அதுவும் ஒன்று.

வேலைப் பங்கீடு

தட்டை எப்படிச் செரிக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். மூத்த வேலைக்காரக் கரையான்கள் மண்பூச்சின் மறைவில் வெளியே போய்த் தட்டையையும் சருகையும் வெட்டி வருகின்றன. புற்றுக்குள் அதை வாங்கிக்கொள்பவை இளைய வேலைக்காரக் கரையான்கள். அவை அந்தத் துகள்களோடு தோட்டத்திலுள்ள வெள்ளை மணிகளையும் சேர்த்து விழுங்குகின்றன. குடலுக்குள் இரண்டும் நன்றாகக் கலக்கின்றன. செரிக்காமலே வேகமாகக் கடந்து, தோட்டத்தின் மேல்விளிம்பில் புதிய அடுக்காக இறங்குகின்றன. மணியிலிருந்த வித்துகள் குடலைக் கடந்தும் உயிரோடு இருக்கும். கரையானின் குடல் இந்தக் கட்டத்தில் விதைப்புக் கருவியாக வேலை செய்கிறது என்றால் மிகையில்லை. எரு, விதை, ஈரம் மூன்றும் ஒரே அடுக்கில் சேர்ந்துவிடுகின்றன.

அடுத்த பல வாரங்களுக்குப் பூஞ்சை அந்த அடுக்குக்குள் இழைவிட்டு, தன் நொதிகளால் நாரைக் கரைக்கிறது. கரைத்ததில் ஒரு பகுதியை மூச்சாக வெளிவிடுகிறது. கார்பன் காற்றில் போகிறது, நைட்ரஜன் தங்குகிறது. அடுக்கு முதிர முதிர, நைட்ரஜனின் விகிதம் ஏறிக்கொண்டே போகிறது. நாம் மேலே பார்த்த இரண்டாவது சிக்கலும் இப்படித் தீர்கிறது. மேலே புதிய அடுக்குகள் ஏற ஏறப் பழையவை கீழே போகின்றன. நன்கு கரைந்து மென்மையான கீழடுக்கை மூத்த வேலைக்காரக் கரையான்கள் தின்கின்றன. உண்மையான செரிமானம் இப்போதுதான் நடக்கிறது. ஒரே தட்டை இரண்டு முறை கரையானின் குடலைக் கடக்கிறது. இரண்டுக்கும் நடுவே பூஞ்சையின் பல வாரக் காத்திருப்பு.

இதில் யாருடைய நொதி எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதில் நெடுநாள் வாதம் நடந்தது. 1978இல் அமெரிக்காவின் மைக்கேல் மார்ட்டின், ஜோன் மார்ட்டின் இணையர், ஆப்பிரிக்கக் கரையான் ஒன்றின் குடலில் செல்லுலோசைத் தாக்கும் முக்கிய நொதி அது விழுங்கிய பூஞ்சை மணிகளிலிருந்து வந்தது என்று காட்டினார்கள். தின்ற பூஞ்சையின் நொதியைத் தன் குடலிலேயே வேலை வாங்கும் பூச்சி என்பது அன்று புதிய கருத்து. அதற்கு மறுப்பும் வந்தது: கரையான் தானே சுரக்கும் நொதியை ஏன் கணக்கில் எடுக்கவில்லை என்று கேட்டார்கள். 2014இல் மைக்கேல் பூல்சனும் பல நாட்டு ஆய்வாளர்களும் கரையான், பூஞ்சை, குடல் பாக்டீரியா மூன்றின் மரபணுக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது வாதம் ஓரளவு தணிந்தது. சிக்கலான நாரை உடைக்கும் நொதிகளில் பெரும்பாலானவை பூஞ்சையிடம் இருக்கின்றன. உடைந்து வரும் சிறு சங்கிலிகளை முடிப்பதும், கரையான் விழுங்கும் பூஞ்சையின் செல்சுவரைக் கரைப்பதும் குடல் பாக்டீரியாவின் பங்கு. தாவரம் தின்னாமல் ஊட்டிவிடப்பட்டே வாழும் அரசியின் குடலில் அந்தப் பாக்டீரியாக் கூட்டம் பெருமளவு சுருங்கியிருந்தது. வேலை இல்லாத இடத்தில் வேலைக்காரர்களும் இல்லை.

லிக்னினைப் பற்றிய ஒரு திருத்தம் 2017இல் வந்தது. லிக்னினைக் குலைப்பது பூஞ்சையே என்றுதான் அதுவரை எண்ணியிருந்தார்கள். நம் ஊர்க் கரையானின் கிழக்காசிய உறவான ஓடோன்டோடெர்மெஸ் ஃபார்மோசானுசை ஆராய்ந்த குழு, இளைய வேலைக்காரரின் குடலைக் கடக்கும் அந்தச் சிறு பொழுதிலேயே லிக்னின் கணிசமாகச் சிதைகிறது என்று கண்டது. பூஞ்சைக்குப் பூட்டைத் திறந்து கொடுப்பது இளங்கரையானின் குடல்தான்.

கரையானின் தாடை, இளையவற்றின் குடல், தோட்டத்தின் பூஞ்சை, மூத்தவற்றின் குடல் பாக்டீரியா என்று இந்த வேலை நான்காகப் பிரிந்திருக்கிறது. இவை நான்கும் சேர்ந்ததுதான் அந்தப் பூச்சியின் செரிமான மண்டலம். அதற்கு வெளித்தோல் புற்றின் சுவர்.

வயிற்றுக்கு மூச்சு, தோட்டத்துக்குக் களையெடுப்பு

பூஞ்சை மூச்சுவிடுகிறது என்றால் கரியமில வாயு சேரும். அதை வெளியேற்ற வேண்டும். சன்னலோ புகைபோக்கியோ இல்லாத ஒபெசுஸ் புற்று எப்படிக் காற்று வாங்குகிறது என்பதை ஹண்டர் கிங், சாமுவேல் ஓக்கோ, எல். மகாதேவன் ஆகியோர் பெங்களூருவில் அளந்து 2015இல் வெளியிட்டார்கள். பகலில் வெளிமடிப்புகள் சீக்கிரம் சூடேறுகின்றன. நடுப்பகுதி குளிர்ச்சியாக இருக்கிறது. அதனால் காற்று ஓரத்தில் ஏறி நடுவில் இறங்குகிறது. இரவில் ஓரம் முதலில் குளிர்ந்துவிட, ஓட்டம் திசைமாறுகிறது. பகலில் அடியில் தேங்கும் கரியமில வாயு இரவில் மேலே ஏறி, சுவரின் நுண்துளைகள் வழியே கசிந்து போகிறது. வெயிலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடே விசிறி. சுவரின் அந்த மடிப்புகள் அழகுக்காக அமைந்தவை அல்ல.

தோட்டம் என்றால் களையும் உண்டு. ஈரமும் கதகதப்பும் அரைத்த உணவும் உள்ள இடத்துக்கு டெர்மிடோமைசெஸ் மட்டும்தானா வரும்? சூடோக்சைலேரியா என்ற வேறொரு பூஞ்சை எப்போதும் காத்திருக்கிறது. ஒரு தோட்ட உருண்டையைக் கரையான்கள் இல்லாமல் ஆய்வகத்தில் வைத்தால், சில நாட்களுக்குள் அந்தக் களை அதை மூடிவிடும். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ரெனே போர்ஜெசின் குழு ஒபெசுஸ் கரையான்களுக்குப் பயிர்ப் பூஞ்சையையும் களைப் பூஞ்சையையும் அருகருகே வைத்துப் பார்த்தது. கரையான்கள் இரண்டையும் வாசனையால் பிரித்தறிந்து, களையை மண்ணைப் போட்டுப் புதைத்தன. 2017இல் இது வெளியானது. மொஹாலியில் உள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் குழு 2022இல் இன்னொரு துணையையும் காட்டியது: ஒபெசுஸ் குடியிருப்பிலிருந்து பிரித்தெடுத்த சூடோமோனாஸ் பாக்டீரியா களையின் வளர்ச்சியைத் தடுக்கிறது, பயிரை ஒன்றும் செய்வதில்லை. ஆக, செரிக்க உதவும் நுண்ணுயிரைக் காக்க இன்னொரு நுண்ணுயிர்.

கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதையை எல்லோரும் சொல்வார்கள். பாம்பு வருவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கே குடியேறியது பூஞ்சை. மரபணு ஒப்பீட்டின்படி பூஞ்சை வளர்க்கும் பழக்கம் ஆப்பிரிக்காவில் சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு முறை தோன்றியது. தான்சானியாவின் ருக்வா பள்ளத்தாக்கில் 2.5 கோடி ஆண்டுப் பழைமையான பூஞ்சைத் தோட்டத்தின் புதைபடிவமே கிடைத்திருக்கிறது. இன்று உலகில் அறியப்பட்டுள்ள ஏறத்தாழ 3,000 கரையான் இனங்களில் 330 போலப் பூஞ்சை வளர்ப்பவை. அவற்றில் ஒன்றுகூட அந்தப் பழக்கத்தைக் கைவிட்டுத் திரும்பியதாகத் தெரியவில்லை.

ஈசல் பறக்கும் நாள்

மழை இறங்கி மண் நெகிழ்ந்ததும் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். புறநானூற்றில் பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலர், மழைக்கால உணவாகச் செம்புற்றின் ஈயலை மோரோடு புளிக்கச் சமைப்பதைச் சொல்கிறார். இன்றும் ஈசலை வறுத்து அரிசியோடு சேர்த்துத் தின்னும் வீடுகள் உண்டு. அந்தக் கொழுப்பும் புரதமும் போன கோடையின் சோளத்தட்டையிலிருந்து பூஞ்சை திரட்டிக் கொடுத்தவை.

பிழைத்த ஈசல் இணை சிறகுதிர்த்து மண்ணுக்குள் போய்ப் புதுக் குடும்பம் தொடங்குகிறது. ஓடோன்டோடெர்மெஸ் ஈசல் பூஞ்சையைத் தன்னோடு எடுத்துப் போவதில்லை. முதல் தலைமுறை வேலைக்காரர்கள் பிறந்து இரை தேடக் கிளம்பும்போது பூஞ்சையின் வித்து வெளியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அதற்குள் பழைய புற்றுகளின் தோட்டத்திலிருந்து காளான்கள் மேலெழுந்திருக்கும். குடையின் நடுவிலுள்ள கூர்முனை இறுகிய மண்ணைத் துளைக்கும். தண்டு கீழே வேர்போல நீண்டு தோட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். புற்றுக்காளானைப் பிடுங்குபவர்கள் அடிவரை தோண்டினால் தண்டு முடியாமல் போய்க்கொண்டே இருப்பது இதனால்தான். குடை விரிந்து உதிர்க்கும் வித்துகள் சருகிலும் தட்டையிலும் படிகின்றன. புதுக் குடும்பம் தன் முதல் உணவோடு அவற்றையும் வீட்டுக்கு எடுத்துப் போகிறது. நிலக்கடலையை வேரடியில் தாக்கும் மைக்ரோடெர்மெஸ் வகை மாறுபட்டது. அதன் பெண் ஈசல் புறப்படும்போதே பூஞ்சை வித்தைக் குடலில் வைத்துக்கொண்டு பறக்கிறது.

எருக்குழிப் புழு

எழுமலைத் தென்னந்தோப்புகளில் இதே சிக்கலுக்கு வேறொரு தீர்வும் காணக் கிடைக்கிறது. எருக்குழியைக் கிளறினால் கட்டைவிரல் தடிமனில், உடலை வளைத்துப் படுத்திருக்கும் வெள்ளைப் புழுக்கள் வரும். தென்னையின் குருத்தைக் குடைந்து, ஓலைகள் விசிறி வெட்டாக விரியச் செய்யும் காண்டாமிருக வண்டின் இளம்பருவம் இது. வண்டு தென்னைக்குப் பகை. புழு உயிருள்ள தென்னையைத் தொடுவதே இல்லை, மட்கிய சாணத்திலும் இற்றுப்போன தென்னங்கட்டையிலும்தான் வளர்கிறது. புழுவின் பின்பாதி மட்டும் கருஞ்சாம்பலாகத் தோலின் வழியே தெரியும். அங்கே பின்குடல் பையாக உப்பியிருக்கிறது. இந்தக் குலத்துப் புழுக்களின் நடுக்குடல் சோடா உப்பைக் காட்டிலும் கடுமையான காரத்தன்மை கொண்டது. அந்தக் காரத்தில் நார் நெகிழ்கிறது. பின் பையில் அடர்ந்திருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து அசிட்டேட் தருகின்றன, மீத்தேனும் வெளிவருகிறது. புழு தனியாள், பூஞ்சைத் தோட்டம் வைத்துக் காக்க அதற்குக் கூட்டம் இல்லை. ஆகவே வயிற்றைத் தன்னோடே சுமக்கிறது. அதற்கு விலையாக, ஈரமும் ஏற்கெனவே பாதி மட்கிய உணவும் உள்ள குழியை விட்டு அது நகர முடியாது. காய்ந்த காட்டில் அதற்கு இடமில்லை.

உலர்நிலத்தின் கணக்கு

இந்த இடத்தில் எழுமலையின் பங்குனிக் கேள்விக்குத் திரும்பலாம். நுண்ணுயிர் பூச்சிக்கு உதவுகிறது என்றே இதுவரை பார்த்தோம். உலர்நிலத்தில் பூச்சி நுண்ணுயிருக்குச் செய்யும் உதவி அதைவிடப் பெரியது. மேலே மண் வெந்துகிடக்கும்போது, புற்றின் அடியறைகளில் ஈரம் நிறைந்த காற்றும் பெரிதாக ஏறி இறங்காத வெப்பமும் இருக்கின்றன. கரையான்கள் ஆழத்து ஈரத்தை மேலே கொண்டு வருகின்றன. மேலே கிடக்கும் உணவைக் கீழே கொண்டு போகின்றன. மழை இல்லாத மாதங்களிலும் ஒரு பூஞ்சை இடைவிடாமல் வேலை செய்ய இப்படித்தான் முடிகிறது.

ஏமி ஸானேயின் தலைமையில் ஆறு கண்டங்களில் 133 இடங்களில் ஒரே வகை மரத்துண்டுகளை வைத்துப் பார்த்த ஆய்வு 2022இல் வெளியானது. வெப்பம் 10 டிகிரி கூடினால் நுண்ணுயிர்கள் மட்டும் மரத்தை மட்கவைக்கும் வேகம் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே ஏறுகிறது. கரையான்கள் மரத்தைக் கரைக்கும் வேகம் 6.8 மடங்குக்குமேல் ஏறுகிறது. வறண்ட, வெப்பமான இடங்களில் அவற்றின் கை ஓங்கியிருந்தது. வெப்பம் கூடிவரும் காலத்தில் மதுரைச் சமவெளி போன்ற நிலங்களில் கார்பன் எவ்வளவு விரைவாகக் காற்றுக்குத் திரும்பும் என்பதைக் கணிக்க, இனிக் கரையானையும் அதன் பூஞ்சையையும் சேர்த்தே எண்ண வேண்டும். உலக மீத்தேனில் கரையான் குடலிலிருந்து வருவது 1 முதல் 3 விழுக்காடு என்று மதிப்பிடுகிறார்கள்.

உழவருக்கு இதில் என்ன இருக்கிறது? மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை வயல்களில் எறும்பும் கரையானும் இருந்த பாத்திகளில், அவற்றை மருந்தால் நீக்கிய பாத்திகளைக் காட்டிலும் விளைச்சல் 36 விழுக்காடு கூடுதலாக இருந்தது என்று 2011இல் ஓர் ஆய்வு காட்டியது. அவற்றின் வளைகள் வழியே மழைநீர் ஆழத்துக்கு இறங்கியதும் மண்ணில் நைட்ரஜன் கூடியதும் காரணங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில், இறுகிப்போன நிலத்தில் குழி வெட்டி எருவும் சருகும் போட்டு வேண்டுமென்றே கரையானை வரவழைக்கிறார்கள். அவை குடைந்த நிலத்துக்குள் மழைநீர் இறங்குகிறது. பிறகு அதே குழியில் சோளம் விதைக்கிறார்கள். நம் ஊரிலும் புற்றுமண்ணைக் காட்டுக்கு அடிக்கும் வழக்கம் உண்டு. ஒபெசுஸ் புற்றின் மண்ணில் சுற்றுப்புறத்தைவிடக் களிமண் கூடுதல், ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

கரையான் தீங்கே செய்யாது என்று சொல்வதற்கில்லை. தென்னங்கன்று, கரும்புக் கரணை, நிலக்கடலை, வீட்டு நிலைப்படி ஆகியவற்றில் அது வைக்கும் கை உழவரின் பையைத் தொடுகிறது. ஆனால் அந்தத் தாக்குதல் எப்போது மிகுகிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கரையான்களின் முதல் தேர்வு காய்ந்த பொருள். அறுவடை முடிந்ததும் தட்டையையும் மாரையும் கூட்டிக் கொளுத்திவிட்டால் பூஞ்சைத் தோட்டத்துக்கு வரத்து நின்றுபோகும். தோட்டம் பட்டினி கிடந்தால் வேலைக்காரர்கள் அடுத்து எட்டுவது நீரின்றி வாடி நிற்கும் பயிரைத்தான். எரித்த தட்டையின் நைட்ரஜன் புகையோடு போய்விடுகிறது. கரையான் எடுத்த தட்டையின் நைட்ரஜன் பூஞ்சையாக, கரையானாக, ஈசலாக, அவற்றைத் தின்னும் கோழியாக, கடைசியில் மண்ணாக அதே காட்டில் சுற்றுகிறது.

ஆகவே கன்று நட்ட குழியையும் வீட்டு அடித்தளத்தையும் காப்பது ஒரு வேலை. வரப்போரத்துப் புற்றில் மருந்தை ஊற்றுவது வேறு வேலை. பின்னதைச் செய்யும்போது சாவது பூச்சி மட்டும் அல்ல. ஆறேழு மாத வறட்சியிலும் மட்கவைக்கும் வேலையை நிறுத்தாத ஒரே பூஞ்சைக் கூட்டமும் அதோடு அழிகிறது. அந்த வேலையை அதற்குப் பிறகு செய்வதற்கு மழையைத் தவிர இந்தக் காட்டில் வேறு ஆள் இல்லை. மழையோ வருடத்தில் சில வாரங்கள்தான் வேலைக்கு வருகிறது.